முன்பிரேக்கை நானே பூட்டினேன்

வத்தளையில் அந்த மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு களனிப் பாலத்தில் ஏறியபோதே பயமும் என் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டது. விற்றவர் நல்ல மனிதர். பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய்க் குடியேறப் போகிறவர். சாவியைத் தரும்போது "ஒரு வேலையும் இல்லை ஐயா, எடுத்து ஓட வேண்டியதுதான்" என்றார். எடுத்து ஓடினேன். நீர்கொழும்பு வீதி பஸ்கள் இரண்டு பக்கமும் நெருக்கின. கீழே ஆறு மண்நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. தொடைகளுக்கு நடுவில் ஒரு எருமை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

பெருந்தூரப் பயணத்துக்கென்று செய்த வண்டி அது. இரண்டு பக்கமும் பெட்டிகள், முன்னால் காற்றை மறிக்கும் உயரக் கண்ணாடி, பின்னால் இருப்பவர் சாய்ந்துகொள்ள ஒரு முதுகுத் திண்டு. அந்தத் திண்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். என் மனைவிக்கு ஹட்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம்தான் ஊர். ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கித்துல்கல தாண்டியதும் பஸ்ஸில் அவளுக்கு வாந்தி வந்துவிடும். மடியில் பொலித்தீன் பையை விரித்துவைத்துக்கொண்டு கண்ணை மூடியபடிதான் தன் மலைகளுக்குள் அவள் நுழைவாள்.

"ஒருக்காவாவது கண்ண தெறந்துக்கிட்டு ஊருக்குப் போவணுங்க" என்று சொல்லியிருந்தாள். காற்று முகத்தில் அடித்தால் வாந்தி வராது என்பது எங்கள் இருவரின் கணக்கு. தோட்டத்துக் கோயிலில் திருவிழா வருகிறது. அதற்குப் போய்வருவதென்று முடிவாகிவிட்டது.

போவது ஏற்றம். வருவது இறக்கம். கினிகத்தேனை வளைவுகளில் மழை பெய்யும், எப்போதும் பெய்யும். கொழுந்து லொறிகள் நடுவீதியில் வரும். அவள் என் முதுகுக்குப் பின்னால் இருப்பாள். அந்த இறக்கம் முழுவதும் அவளுடைய உயிர், என் வலது கையின் இரண்டு விரல்கள் இழுக்கும் ஒரு சிறு அலுமினியப் பிடியில் தொங்கும். இதை நினைத்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

பிடிக்குப் பக்கத்தில் பிரேக் ஒயில் நிற்கும் சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் நகக்கண் அளவு ஒரு கண்ணாடி. உள்ளே இருக்கும் ஒயில் புதிதென்றால் தேன்நிறத்தில் தெரியவேண்டுமாம். எங்களுடையது பால் விடாத பிளேன்டியைவிடக் கறுப்பாக இருந்தது. சில்லோடு சுற்றும் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் பேட்களும் தேய்ந்து விசுக்கோத்துத் துண்டுபோல் ஆகியிருந்தன. வேலை இல்லையென்று சொன்ன மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் குனிந்து பார்த்திருக்கமாட்டார், அவ்வளவுதான்.

"கராஜில குடுங்க தம்பி, என்னத்துக்கு ஒங்களுக்கு இந்த வேல?" என்று கேட்டார், நானா என்று நான் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர். எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியில் கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடத்தில் அவருடைய காருக்குப் பக்கத்து இடம்தான் என்னுடையது. புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போது காரைத் துடைப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருப்பவர்.

"நானே செய்தால்தான் நானா எனக்கு நம்பிக்கை வரும்."

"மத்தவன் செஞ்சா அவன ஏசலாம். நீங்க செஞ்சா ஆர ஏசுற?"

சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது சரி. கராஜ்காரர் செய்தால் ஒவ்வொரு வளைவிலும் முகம் தெரியாத ஒருவரின் கையை நம்பிக்கொண்டு இறங்கவேண்டும். நான் செய்தால் என் கையை நம்பவேண்டும். எது பெரிய பயம் என்று அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தொலைபேசி வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டினார். அவருடைய கராஜ் எங்கள் வரவேற்பறையைவிடச் சுத்தமாக இருந்தது. எங்கள் கீழ்த்தளத்தில் சுவர் வியர்க்கும். கடலுப்பு எல்லாவற்றின்மேலும் படியும். ஆணி, பூட்டு, சாவித்துவாரம், மனிதனின் உதடு, எதையும் விடாது. அந்தக் கூடத்தில் பழைய பெட்சீற்றை விரித்து, அதன்மேல் ஒவ்வொரு புரியாணியையும் திருகிக் கழற்றிய வரிசையிலேயே படுக்கவைத்தேன். பேட்களைத் தாங்கும் இரண்டு கலிப்பர்களையும் இறக்கினேன். பழைய பேட்களை உருவிப் புதியவற்றைச் செருகினேன். மெல்லிய ரப்பர்க் குழாயைப் பொருத்தி, பிடியை இழுத்து, திறந்து, மூடி, விட்டு, மறுபடி இழுத்து, கறுப்பு ஒயிலை யோக்கட் கோப்பைக்குள் வடித்தேன். பின்னால் தேன்நிறம் வந்தது. குழாய்க்குள் குமிழிகள் வந்தன. எயார் எடுப்பது என்று இங்கே சொல்வார்கள். ஒரு குமிழி உள்ளே தங்கிவிட்டாலும் போதும், பிடி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. குமிழி குமிழியாக என் மூச்சுத்தான் வெளியேறுவதுபோல் இருந்தது.

பூட்டும்போது வேறொரு பயம். இறுக்கம் குறைந்தால் புரியாணி கழன்றுவிடும். கூடினால் முறிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சரியான இறுக்கம் என்று ஒன்று இருக்கிறது. அது கைக்குத் தெரியவேண்டும். என் கை பேனா பிடித்துப் பழகிய கை. புதுக்கடை நீதிமன்ற வட்டாரத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் நான். சிங்களத்தைத் தமிழாக்குவேன், தமிழைச் சிங்களமாக்குவேன். ஒரு சொல் தவறினால் வழக்கறிஞர் திருப்பி அனுப்புவார், திருத்திக் கொடுக்கலாம். புரியாணி அப்படித் திருப்பி அனுப்பாது. மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து, இறுக்கிய ஒவ்வொரு புரியாணியின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுத்தேன். புரியாணி நகர்ந்தால் கோடு முறியும், கண்ணுக்குத் தெரியும்.

"எனக்கு வாங்கிக் குடுத்தது. அதுக்கும் பூசிட்டீங்களா?" என்றாள், படியில் நின்று எட்டிப் பார்த்தபடி.

"உமக்கு நகம் பத்துத்தானே. இதுக்கு நிறையக் கிடக்கு."

"அப்ப ஊருக்கு அதையே கூட்டிக்கிட்டுப் போங்க."

அன்று மாலை வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மறுநாள் காலை கொட்டாஞ்சேனையில் பூசை. கலியாணத்துக்கு முன்னால் வேலைக்கென்று கொழும்புக்கு வந்து அவள் கொட்டாஞ்சேனையில்தான் தங்கியிருந்தாள். அங்கே இருக்கும் கோயில் அவளுடைய கோயில். வண்டிக்குத் தேங்காய் உடைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்காமல் அவள் ஏறமாட்டாள்.

காலையில் பிடியை இழுத்துப் பார்த்தேன். கல். வெள்ளைக்காரர் சொன்னதுபோலவே கல்லாக நின்றது. அவள் அருச்சனைத் தட்டோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கீழ்த்தளத்துச் சரிவில் ஏறி வெளியே வந்து, மரின் டிரைவால் போவதற்காகக் கடற்பக்கம் திரும்பினேன். எங்கள் ஒழுங்கை கடலை நோக்கி இறங்கும். ஏற்றத்தில் பிரேக் தேவைப்படவில்லை. திருப்பத்திலும் தேவைப்படவில்லை. முதல் தடவையாகத் தேவைப்பட்டது ஒழுங்கை முடியும் இடத்தில்.

பிடியை இழுத்தேன். கல்லாகத்தான் நின்றது. வண்டி நிற்கவில்லை.

அந்தக் கணத்தை எப்படி எழுதுவது? கை தன் வேலையைச் செய்கிறது, இரும்பு தன் வேலையைச் செய்கிறது, நடுவில் எங்கேயோ சொல் அறுந்துவிட்டது. இன்னும் இறுக்கினேன். வண்டி வெண்ணெயில் வழுக்குவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. மரின் டிரைவில் வலப்பக்கமிருந்து ஒரு வெள்ளை வான் வந்தது. கால் தானாகப் பின்பிரேக்கில் விழுந்தது. பின்சில்லு பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுபட, வண்டியின் மூக்கு வீதிக்குள் பாதி நீட்டியபடி நின்றது. வான் சுழித்துக்கொண்டு போனது. "பிஸ்ஸுத யகோ!" என்ற கத்தல் மட்டும் காற்றில் மிஞ்சியது. உனக்கென்ன விசரா, பைத்தியமா என்று கேட்கிறான். ஓம் என்று சொல்லியிருப்பேன், அவன் போய்விட்டான்.

அவள் இறங்கி, தட்டிலிருந்து உருண்ட தேசிக்காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, நடுரோட்டுக்கே வந்துட்டீங்க?"

"பிரேக் பிடிக்கேல்லை."

"நேத்து பூரா அதத்தானே செஞ்சீங்க?"

கிண்டலாக அவள் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள். தண்டவாளத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது, கதவுகளில் ஆட்கள் தொங்கிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் கடல் ஒன்றுமே நடக்காததுபோல் மினுங்கியது. நான் ஊர்ந்து ஊர்ந்து வண்டியைத் திருப்பி மேலே கொண்டுபோனேன். அவள் தட்டைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்து வந்தாள், ஊர்வலத்தில் சாமிக்குப் பக்கத்தில் வருவதுபோல்.

பூசை நின்றுபோனது. வண்டி கீழ்த்தளத்தில் மூலையில் நின்றது. நான் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். மறுபடி எயார் எடுத்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. நகப்பூச்சுக் கோடுகள் ஒன்றும் முறியவில்லை. பேட்கள் சரியான பக்கம் பார்த்தபடி இருந்தன. கலிப்பர் அசைந்தது, மூடியது, திறந்தது. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருக்க, வண்டி நிற்கவில்லை. பிழை தெரிந்தால் திருத்தலாம். பிழையே இல்லாத இடத்தில் நான் என்ன செய்வது?

இந்த நகரத்தில் பயந்து பயந்தே நடுவயதுக்கு வந்தவன் நான். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைத் தலைகீழாக நீட்டியிருக்கிறேன். கதவு தட்டும் சத்தத்துக்கு வீடே மூச்சடக்கி நின்றதுண்டு. அவையெல்லாம் பிறர் கொண்டுவந்து தந்த பயங்கள். வாங்கி வைத்துக்கொண்டோம், பழகிக்கொண்டோம். இது அப்படியல்ல, நானே ஸ்பேனரால் திருகிச் செய்துகொண்டது. யாரைச் சபிப்பது? நானா கேட்ட கேள்விதான்.

அந்த வாரம் முழுக்கப் புதுக்கடையில் எந்தத் தாளை எடுத்தாலும் அதே வசனம் என் கண்ணுக்குப் பட்டது. விபத்து வழக்குகளில் வாக்குமூலங்கள் வரும். "பிரேக் பிடிக்கவில்லை என்று சாரதி கூறினார்." எத்தனை தடவை இதை மொழிபெயர்த்திருப்பேன். சாரதிகள் எல்லோரும் சொல்வது, ஒருவரும் நம்பாதது. நானும் நம்பியதில்லை, சொல்லுக்குச் சொல் மாற்றிக் கையொப்பமிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறேன். இப்போது அந்தச் சாரதிகள் வரிசையாக வந்து என் மேசையைச் சுற்றி நின்றார்கள். குடைப்பிடியைப் பிடித்தால் விரல்கள் தாமாக இழுத்தன. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் வலது கால் தரையை அழுத்தியது. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் கை மடங்கி நின்றது.

"பிசாசு புடிச்ச ஆள் மாதிரி ஈக்கிறீங்க" என்றார் நானா, காரின் கண்ணாடியில் ஊதித் துடைத்துக்கொண்டு. "நான் ஒண்டு செல்லட்டா? அத வித்துடுங்க. தங்கச்சிய ஏசி வானில கூட்டிட்டு போங்க. அங்க ஏறக்குள்ள ஒரு தோடம்பழத்த உரிச்சு மூக்குல வெச்சா வாந்தி வராது."

"அவவுக்குத் தோடம்பழத்திலயும் வரும் நானா."

"அப்ப நீங்க பைக்கில வெச்சு மௌத்தாக்கிறத விட வாந்தியே நல்லம்."

சாகடிப்பதைப் பற்றி அவர் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் விற்றுவிடுவது என்று நான் அன்றே தீர்மானித்துவிட்டேன். அவளிடம் சொல்லும் தைரியம்தான் வரவில்லை. அவள் இதற்கிடையில் ஊருக்குத் தொலைபேசி எடுத்து, "பைக்ல வாறோம்மா, ஆமாம்மா, பெரிய பைக்கு" என்று தாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடந்ததை அவள் தன் தாயிடம் சொல்லவில்லை. என்னை வெட்கப்படுத்தக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை. அவள் சமையலறையில் தேங்காய்த் திருவலையைக் கழுவித் துணியால் துடைத்தாள். பிறகு விரல் நுனியில் தேங்காயெண்ணெய் தொட்டு, அதன் இரும்புப் பல் முழுக்கத் தடவினாள். தினமும் செய்வது. தினமும் பார்ப்பது. அரிவாளுக்கு, கத்தரிக்கோலுக்கு, கதவுக் கொண்டிக்குக்கூடச் செய்வாள். அவளுடைய தகப்பன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியை நறுக்கும் அந்தக் கத்தியை வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவாமல் அவர் சோற்றில் கை வைத்ததில்லையாம். மலையில் ஓயாத ஈரம். ஒரு இரவில் இரும்பு சிவந்துவிடும். சிவந்த இரும்பு வீட்டுக்கு ஆகாது. ஆயுதபூசைக்கு முதல் அந்த வீட்டில் இருக்கும் இரும்பெல்லாம் எண்ணெயில் மினுங்கவேண்டும்.

விற்கிற விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாயில் வந்ததென்னவோ வேறு.

"இந்த ஊர்க் காத்துக்கு எவ்வளவு எண்ணெய் பூசினாலும் துருப் பிடிக்கும், என்ன?"

"ஆமாங்க. ஒங்க பைக்குகூட ராத்திரி கழுவி வச்சீங்க, விடியக்காலையில பாத்தா முன்னாடி அந்த வட்டத் தகடு ரெண்டும் செவந்துபோயி கெடந்துச்சு. பூசைக்குப் போற வண்டி. நீங்க குளிச்சிக்கிட்டு இருந்தீங்க, நான்தான் நல்லா தொடச்சு எண்ணெ போட்டு விட்டேன்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வட்டத் தகடு எண்டால்? டிஸ்க்கோ? பேட் இறுக்கிப் பிடிக்கிற தகடோ?"

"எனக்கு என்னா பேருன்னு தெரியும்? ஓட்ட ஓட்டையா இருக்குமே, அதுதான். ஒரு சொட்டு வடியாம தொடச்சுத்தான் விட்டேன்."

"பின்னால இருக்கிறதுக்கும் போட்டனீரோ?"

"அது பெட்டிக்கு அடியில கெடக்கு. குனிஞ்சா இடுப்பு வலிக்குதுன்னு விட்டுட்டேன்."

அவளுடைய இடுப்புவலி எங்கள் இருவரையும் காப்பாற்றியிருக்கிறது. பின்சில்லில் எண்ணெய் படவில்லை, அதனால்தான் அந்த வானுக்கு முன்னால் நின்றோம். நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. என் கை பிழை செய்யவில்லை. குமிழியும் இல்லை, இறுக்கமும் பிசகவில்லை. பிரேக் பிடிப்பது உராய்வால். உராயவேண்டிய இடத்தில் இவள் பாசத்தோடு எண்ணெய் பூசியிருக்கிறாள். நான் கழற்றிப் பார்த்தபோது என் விரல்கள் முழுக்கக் கிறீசும் ஒயிலுமாக இருந்தன, அந்த விரல்களுக்கு இது எப்படித் தெரியப்போகிறது?

சிரித்தபடியே அதைச் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டேன். திருவலையைக் கீழே வைத்துவிட்டாள். எண்ணெய் விரல்களைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"அப்ப நான்தான் ஒங்கள கொல்லப் பாத்தேனா?"

"ஐயோ, இல்லையப்பா. நீரும்தானே பின்னால இருந்தனீர்."

ஆறுதல் சொல்லத் தெரியாதவன் சொன்ன ஆறுதல் அது. என்னிடமிருந்து இறங்கிய பயம் அப்படியே அவள்மேல் ஏறிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து அவள் கீழ்த்தளத்துக்கு வரவில்லை. பைக் என்ற சொல்லை எடுத்தால் எழுந்து வேறு அறைக்குப் போனாள். ஊருக்குத் தொலைபேசி எடுத்தபோது, "பஸ்லதான் வருவோம் போல" என்றாள்.

எண்ணெய் குடித்த பேட்கள் இனி உதவாது. பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வீதி முழுக்க உதிரிப்பாகக் கடைகள். பிரித்துப்போட்ட கார்களின் குடலும் ஈரலும் கூரையிலிருந்து தொங்கும். "மாத்தயா, கடந்த கிழமையும் இதே பேட்ஸ்தானே வாங்கினீங்க? சாப்பிடுறீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார் கடைக்காரர். என் மனைவி பொரித்துத் தந்தாள் என்று தமிழில் சொன்னேன். நல்லவேளை, விளங்கவில்லை. பார்மசியில் ஸ்பிரிட் வாங்கிவந்து, டிஸ்க்கைத் துடைத்து, துணியை மோந்து, மறுபடி துடைத்து, தேங்காய் வாசம் போய் ஆஸ்பத்திரி வாசம் வரும்வரை துடைத்தேன். புதுப் பேட் டிஸ்க்கோடு பழகவேண்டும். விடியற்காலையில் மரின் டிரைவில் தனியே ஓட்டி, வேகம் எடுத்து, பிடித்து, வேகம் எடுத்து, பிடித்து, ஒன்றோடொன்று உராய்ந்து சிநேகமாகும்வரை போய்வந்தேன். பிடித்தது. ஒவ்வொரு தடவையும் பிடித்தது.

பயம் போகவில்லை. காரணம் கண்டுபிடித்தால் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது வேறு மாதிரி வந்தது. நான் எல்லாம் சரியாகச் செய்து முடித்த பிறகும், குளிக்கப் போன நேரத்தில், எனக்குத் தெரியாமல், அன்பினாலேயே ஒன்று நடந்துவிடலாம். அதற்கு எந்த ஸ்பேனரும் இல்லை. என் பின்னால் யாரும் இல்லாமல் ஓட்டும்போது பிடிக்கிற பிரேக், அவள் இருக்கும்போது பிடிக்குமா? இரண்டு பேரின் பாரம் வேறு. அவள் இல்லாமல் அதை அறிய வழியில்லை. அவளை வைத்து அறிய எனக்குத் துணிவில்லை.

கடைசியில் அவளேதான் வந்தாள். படியிறங்கி, கையில் வெள்ளைக் கடதாசித் துவாயோடு. குனிந்து, ஒரு டிஸ்க்கைத் துடைத்து, கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மற்றதையும் பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் இருந்ததையும் பார்த்தாள். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் நின்று பிரேக் பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

"தள்ளுங்க."

பின்னால் நின்று தள்ளினேன். அசையவில்லை.

"சாப்பிட்டுட்டு வந்தவங்க மாதிரி தள்ளுங்க!"

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். செருப்புத்தான் வழுக்கியது.

"நானா, நீங்களும் வாங்க" என்றாள். கார்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் வந்து கை வைத்தார். "அல்லாவே, கோயில் தேர இழுக்கிறதுக்கு என்னையும் புடிச்சிட்டாங்க" என்று முனகிக்கொண்டே தள்ளினார். வண்டி நின்ற இடத்தில் நின்றது. அவள் பற்களைக் கடித்தபடி பிடியை விடாமல் நின்றாள்; விரல்முட்டிகள் வெளுத்திருந்தன.

"கோயில் வரைக்கும் வாறேன்" என்றாள். "ஊருக்கு வாறேன்னு சொல்லல."

கொட்டாஞ்சேனைக்குக் காலி வீதியால் மெதுவாகப் போனோம். முச்சக்கரவண்டிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. அவளுடைய விரல்கள் என் சேர்ட்டைக் கொத்தாகப் பிடித்திருந்தன. கோயில் வாசலில் ஐயர் மாலை போட்டார், கற்பூரம் காட்டினார். பிறகு சந்தனக் கிண்ணத்தில் விரலை முக்கிக்கொண்டு முன்சில்லை நோக்கிக் குனிந்தார்.

"ஐயா, அதில வேண்டாம்!" என்று நானும், "சாமி, தகட்டுல வேணாம்!" என்று அவளும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

ஐயர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். "பொட்டு வைக்கிற இடத்தையும் நீங்களே சொல்லிறதெண்டால் தட்டையும் நீங்களே பிடியுங்கோவன்" என்றார். கடைசியில் முன்கண்ணாடியில் வைத்தார். தேசிக்காய்கள் நசுங்கின. அவள் கும்பிட்டுக்கொண்டு நின்ற நேரம் வழக்கத்தைவிட நீளம். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது துறைமுகப் பக்கம் இறங்கும் வீதியால் வந்தேன். வேறு வழி இருந்தது. இருந்தும் அந்த இறக்கத்தில் திருப்பினேன். ஏன் என்று எனக்கே தெரியாது. இரண்டு பேரின் பாரமும் வண்டியை முன்னால் தள்ளியது. கடைகளும் சுவரொட்டிகளும் மாதா சிற்றாலயமும் பின்னால் ஓடின. பாதி இறக்கத்தில், ஒரு சந்திலிருந்து மூட்டை ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு ஒருவர் வீதியின் குறுக்கே வந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை.

இழுத்தேன்.

வண்டி மூக்கைத் தரையில் குத்துவதுபோல் தாழ்ந்தது. பெட்டிகள் குலுங்கின. பின்னாலிருந்து அவளுடைய பாரம் முழுவதும் என் முதுகில் வந்து மோத, அவளுடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் "டொக்" என்று இடித்தது. தலைக்குள் மணி அடித்ததுபோல் இருந்தது. வண்டி நின்றுவிட்டது. கைவண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்துபோகலாம். கைவண்டிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு இழுத்துப் போனார்.

ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தேன். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். பயத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்ததுபோல் ஒரு வெறுமை. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"யப்பா" என்றாள். "என் மண்டையே ஒடஞ்சிருக்கும்."

"நொந்ததோ?"

"நோவாம? இப்படியா புடிக்கிறது? மலையில எத்தன வளைவு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் இப்படி முட்டுனா ஊருக்குப் போய்ச் சேர்றப்ப எனக்கு தலையே இருக்காது. புடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டு புடிங்க."

ஊருக்கு என்றாள். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று பயம்.

"ஓம், சொல்லிப்போட்டுப் பிடிக்கிறன்" என்றேன்.

ஆமர் வீதிச் சந்தியில் விளக்குச் சிவந்தது. "பிடிக்கப் போறன்!" என்று கத்தினேன். பக்கத்து முச்சக்கரவண்டியிலிருந்து நாலு தலைகள் திரும்பின. அவளுடைய இரண்டு கைகளும் என் வயிற்றைச் சுற்றி இறுகின. இழுத்தேன்.